பரங்கிப் பூவும் பால்வெட்டு நேரமும்

பரங்கிக் கொடி படராத லயம் நம் தோட்டங்களில் அரிது. ஆயினும், பரங்கிப் பூ முழுமையாக விரிந்து நிற்கும் கோலத்தைத் தம் கண்ணால் கண்ட பால்வெட்டுத் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டால் பலர் விடை சொல்லத் தயங்குவர். காரணம் எளியது. அந்தப் பூ விடியும் வேளையில் விரிகிறது. உச்சி வெயிலுக்கு முன்னரே வாடிச் சுருண்டு விடுகிறது. நாம் பெரட்டுக்குப் புறப்படும் பொழுது அது மொட்டு. பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வீடு திரும்பும் பொழுது அது வாடிய பூ. இடைப்பட்ட நேரத்தில் அங்கே நடப்பது என்ன என்பதை நமக்குச் சொல்வார் இல்லை.

அந்த நேரத்தில் பாத்தியில் வேலை செய்பவை தேனீக்கள். அவை வந்தால் காய் உண்டு. வாராவிடில் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். இம்மாதப் பாடம் அவற்றைப் பற்றியது.

பாடத்திற்குள் புகுமுன், லயத்துக் கொல்லைக்குச் சிறியதொரு வரலாறு உண்டு என்பதையும் சொல்லி விடுகிறோம். மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்படல் வேண்டும் என்று விதித்தது. அஃதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி. நீளம் ஐம்பத்திரண்டு அடி, அகலம் ஐம்பத்திரண்டு அடி என்று வைத்துக் கொள்ளலாம். சட்டம் சொன்னது எல்லாத் தோட்டங்களிலும் அப்படியே நடந்தது என்று சொல்வதற்கில்லை. எனினும் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில், அரிசி கிடைக்காத நாள்களில், பல குடும்பங்களுக்கு உயிர் கொடுத்தது இத்தகைய நிலத்தில் விளைந்த மரவள்ளிதான். பின்னர் 1974ஆம் ஆண்டில், விலைவாசி ஏறியிருந்த வேளையில், பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்தார். இன்று ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல ஆளில்லாமல் கிடக்கின்றன. ஆளிருக்கும் லயங்களிலோ கொல்லை இன்னும் இருக்கிறது. மழை பெய்து வெட்டு நின்று போகும் மாதங்களில் அதன் அருமை குடும்பத் தலைவிக்குத் தெரியும்.

இனி, நம் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற பின்னர் இப்பணிக்கு வந்தவர். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேலைக்குப் புதியவராக இருந்த காலத்தில், கெடா மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு ரப்பர்த் தோட்டத்திற்குக் காய்கறி வளர்ப்புப் பற்றிப் பேசச் சென்றோம். வகுப்பறைப் பழக்கம் நம்மை விடவில்லை. கரும்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, "ஏழு நாளைக்கு ஒரு முறை மருந்து" என்று பெரிய எழுத்தில் எழுதினோம். கூடியிருந்தோரைச் சேர்ந்து வாசிக்கவும் வைத்தோம். எந்தப் பூச்சிக்கு மருந்து, எந்த நேரத்தில் அடிப்பது, பூவிருக்கும் பொழுது அடிக்கலாமா என்பவற்றைச் சொல்லவில்லை. நமக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

அண்மையில் அதே தோட்டத்திற்கு மீண்டும் சென்றிருந்தோம். முன்பு முதல் வரிசையில் அமர்ந்து கேட்ட பெரியவர் ஒருவர் நம்மை அடையாளம் கண்டு, வீட்டிற்கு அழைத்துச் சென்று, கொல்லையைக் காட்டினார். நான்கு பரங்கிக் கொடிகள் வேலி முழுதும் படர்ந்திருந்தன. இலை கரும்பச்சை; பூவோ எண்ணி முடியாது. காய் இரண்டே இரண்டு. கொடிக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் மஞ்சள் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. கண்ணேறு கழிக்க, வேலியில் ஒரு பழைய சப்பாத்தையும் கட்டியிருந்தார்.

"நீங்கள் சொன்னபடியேதான் சார் செய்கிறேன். ஓய்வு நாள் தவறுவதில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை மருந்தடிப்பதுதான்" என்றார் அவர்.

அப்பொழுது அவருடைய மனைவியார் காப்பியோடு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். முழங்கால் வலியால் வேலையிலிருந்து நின்று விட்டவர். அந்த அம்மையார் சொன்னதை ஏறக்குறைய அவர் வாய்மொழியாகவே தருகிறோம்:

"இத்தனை வருசம் பரங்கி போட்டேன் சார், பூ விரிந்து நான் பார்த்ததில்லை. வேலையை விட்ட பிறகுதான் பார்த்தேன். விடிந்ததும் தட்டு மாதிரி விரிகிறது. தேனீ உள்ளே போய்ப் புரண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வருகிறது. இவர் மருந்தடித்த அன்றைக்குப் போய்ப் பார்த்தால், பூவுக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது. அடிக்காதீர்கள் என்றால், ஆபீசர் எழுதிப் போட்டார் என்கிறார்."

நாம் என்ன சொல்வது? காப்பியைக் குடித்தோம். குடித்த பின்னர், தவறு நம்முடையது என்று பெரியவரிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. ஆகவே மறுநாள் விடியலில் மூவரும் கொல்லையில் நிற்பது என்று முடிவாயிற்று. வெட்டுக்குப் போகாமல் அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தார். அவர் வீட்டு வருமானத்தில் அது சிறிய செலவன்று.

ஆண் பூ, பெண் பூ

மிளகாய்ச் செடியில் ஒரே பூவுக்குள் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. பரங்கியில் அப்படி இல்லை. ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். நடுவில் மகரந்தத் தூள் படிந்த ஒரு தண்டு மட்டும் இருக்கும். பெண் பூவின் அடியில் குண்டுமணி போன்ற சிறு காய் முன்னதாகவே அமைந்திருக்கும். அதைக் கண்டு, காய் பிடித்து விட்டது என்று மகிழ்வோர் உண்டு. அது காய் அன்று. காயாவதற்குக் காத்திருக்கும் சூற்பை. ஆண் பூவின் தூள் பெண் பூவின் சூல்முடியில் வந்து படிந்தால்தான் அது பருக்கும். தூள் ஒட்டும் தன்மை உடையது, கனமானது. காற்றில் பறந்து போகாது. யாரேனும் சுமந்து செல்ல வேண்டும்.

பூ விரிந்திருப்பது ஒரே ஒரு காலைப் பொழுது. அந்த நேரத்தில் ஒரு தேனீ ஒரு முறை வந்து போனால் போதாது. பலமுறை வந்து போக வேண்டும். உள்ளே உருவாகும் விதை ஒவ்வொன்றுக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. துகள் குறைந்தால் விதை குறையும். விதை குறைந்தால் காய் கோணலாகும், அல்லது சில நாளில் மஞ்சளாகி உதிரும்.

கொடி வளரத் தொடங்கியதும் முதலில் வருவன பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வதைக் கண்டு கலங்க வேண்டா, அது இயல்பு. பெண் பூவின் பிஞ்சு உதிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். உதிர்ந்த பிஞ்சைக் கத்தியால் இரண்டாக அரிந்து பாருங்கள். உள்ளே வெண்புழு நெளிந்தால், அது பழ ஈயின் வேலை. அத்தகைய பிஞ்சைக் கொடிக்கு அடியிலேயே விட்டு விடாமல் பொறுக்கி அழித்து, நல்ல பிஞ்சுகளுக்குப் பழைய செய்தித்தாளால் உறை போட்டு விடுங்கள். புழு இல்லாமல் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பெரியவரின் கொல்லையில் நாம் ஒன்பது பிஞ்சுகளை அரிந்தோம். இரண்டில் மட்டுமே புழு இருந்தது.

கொல்லைக்கு வரும் தொழிலாளர்

மறுநாள் ஏழு மணிக்கு, வெளிச்சம் வந்தும் வராததுமாக இருக்கையில், நாம் வேலியோரம் நின்றோம். முதலில் வந்தவை தேனீக்கள். மலாய் மொழியில் லெபா என்று சொல்லப்படுபவற்றுள் இவை பெட்டியில் வைத்து வளர்க்கத் தக்க இனம். மரப்பொந்து, சுவர் இடுக்கு, கவிழ்ந்த பீப்பாய் போன்ற இருண்ட இடங்களில் அடுக்கடுக்காக அடை கட்டும். பின்னங்காலில் மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கும். அது அவை வீட்டிற்குச் சுமந்து செல்லும் மகரந்தம். ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடும். பரங்கிக்கு வந்தது பரங்கிக்கே போகும். இப்பழக்கம் இல்லையெனில் அதனால் நமக்குப் பயன் பாதியாகக் குறைந்திருக்கும்.

அடுத்து மிளகாய்ப் பூவில் சிறு கறுப்புப் பூச்சிகளைப் பெரியவர் காட்டி, "இது கொசு மாதிரி இருக்கிறதே" என்றார். அவை கெலுலுட் எனப்படும் கொட்டாத் தேனீக்கள். கொடுக்கினால் கொட்டுவதில்லை, கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும், அவ்வளவே. மரப்பொந்தில் வாழ்ந்து, வாசலில் பிசினால் ஒரு குழாய் கட்டி வைத்திருக்கும். தேனை அடையில் சேர்ப்பதில்லை. சிறு சிறு குடங்களில் சேர்க்கும். அதன் தேன் புளிக்கும். புளிப்பதனால் கெட்டுப்போனது என்று முன்பு கொட்டியவர் உண்டு. இன்று அதற்கு நல்ல விலை. 2017இல் அதற்கென்று மலேசியத் தர விதியே வகுக்கப்பட்டது.

பயித்தங்கொடியில் பெரும் ஓசையோடு கருநிறத்தில் ஒன்று வந்து இறங்கிற்று. பூவே வளைந்தது. இதனைக் கருவண்டு என்று சொல்லி நம் சிறுவர்கள் விரட்டி அடிப்பது வழக்கம். இது வண்டன்று, தச்சுத் தேனீ. காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் வட்டமாகத் துளையிட்டுக் குடியிருக்கும். வீட்டு உத்தரத்தைத் துளைப்பதனால் இதன் மேல் பலருக்குக் கோபம். வேலியோரத்தில் பட்டுப்போன கட்டை ஒன்றை விட்டு வைத்தால், உத்தரத்திற்கு வருவது குறையலாம். ஆண் கொட்டாது, பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது.

நாம் மிகவும் வியந்தது கத்தரிப் பூவில்தான். கத்தரிப் பூவின் மகரந்தப் பை மிளகுத்தூள் டப்பி போன்றது. நுனியில் மட்டும் துளை. உலுக்கினால்தான் தூள் கொட்டும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ ஒன்று வந்து, பூவை இறுகக் கவ்விப் பிடித்துக் கொண்டு, 'ஙீ' என்று உடலை நடுக்கிற்று. மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டியது. உடனே அடுத்த பூ. நாம் சாதாரணமாகத் தேனீ என்று சொல்கிறோமே, அதற்கு இந்த வித்தை தெரியாது. இந்த நீலப் பட்டைத் தேனீ கூட்டமாக வாழ்வதில்லை. மண்ணில் தனித்தனியே வளை தோண்டி வாழும். கத்தரி காற்றிலும் ஓரளவு காய்க்கும் என்றாலும், இதனால் நன்றாகக் காய்க்கும்.

பெரியவர் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. பின்னர், "நான் பால் எடுக்கிற நேரத்தில் இத்தனை பேர் இங்கே வேலை செய்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாப் பூவும் காலையில் விரிவதில்லை என்பதையும் இங்கே சொல்லல் வேண்டும். சுரைக்காயும் புடலங்காயும் வெண்ணிறப் பூவை அந்தி வேளையில் விரிப்பவை. அவற்றுக்கு வருவன இரவில் பறக்கும் விட்டில் பூச்சிகள். மாலையில் திண்ணையில் அமர்ந்திருப்போர், சுரைப் பூவின் முன் ஒரு பூச்சி சிறகடித்து அந்தரத்தில் நிற்பதைக் காணலாம்.

தேனீக்கள் நம் கொல்லையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. ஆண்டுதோறும் ரப்பர் மரம் இலையுதிர்த்து, மீண்டும் செந்நிறத் துளிர் விடுகிறதே, அந்த நாள்களில் அவற்றுக்குப் பெருவிருந்து. ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளால் ஆனது என்பதை அறிவீர்கள். அந்த மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. இளந்துளிர் முதிரும் வாரங்களில் அவற்றில் இனிய நீர் சுரக்கும். பூவிலிருந்து அன்று, இலையிலிருந்தே தேன்! நம் நாட்டு ரப்பர்க் காட்டுத் தேனில் பெரும்பங்கு இதுவே. துளிர் விடும் காலத்தில் காலையில் நிரையில் நிற்கும் பொழுது தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால், ஒரு கணம் அண்ணாந்து பாருங்கள்.

மழை நாளும் விரலும்

இங்கே ஓர் இடர் உண்டு. காலையில் மழை பெய்தால் நமக்கு வெட்டு இல்லை. தேனீக்கும் வேலை இல்லை. அது கூட்டை விட்டு வெளிவாராது. அன்று விரிந்த பெண் பூ வீணாகி விடும். ஆனால் அன்று நாம் வீட்டில் இருக்கிறோம். ஆகவே மழை நாளில் தேனீயின் வேலையை நாம் செய்யலாம்.

அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். இதழ்களை உரித்து விடுங்கள். நடுத்தண்டில் உள்ள தூள் நனையாமல் பார்த்துக் கொள்ளுங்கள். குடையோ, தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளோ போதும். அத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். பின்னர் பெண் பூவின் இதழ்களைக் கூட்டி, நூலால் தளர்வாகக் கட்டி விட்டால் உள்ளே மழைநீர் புகாது. காலை ஒன்பது மணிக்குள் செய்திடல் வேண்டும். தாமதித்தால் பயன் குறையும்.

இதைச் சொன்னதும் அம்மையார் சிரித்தார். "இது எங்கள் அம்மா செம்பனையில் செய்த வேலை சார்!" என்றார். உண்மைதான். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து இந்நாட்டிற்கு வந்த மரம். அதற்குரிய பூச்சி உடன் வரவில்லை. அக்காலத்தில் தோட்டங்களில் பெண்கள் உட்பட ஆள்களை அமர்த்தி, மகரந்தத் தூளை முகப்பவுடர் போன்ற டால்க் தூளோடு கலந்து, குலை குலையாக ஊதச் செய்தனர். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கெமரூன் நாட்டில் ஆராய்ந்து, அங்கே செம்பனைப் பூவில் இந்த வேலையைச் செய்வது அரிசி வண்டு போன்றதொரு சிறு வண்டே என்று கண்டார். அது 1981ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் விடப்பட்டது. விரைவிலேயே நாடெங்கும் பரவிற்று. தூள் ஊதும் வேலை நின்று போயிற்று. அம்மையாரின் தாயார் அந்த வேலையை இழந்ததும் அப்பொழுதுதான். அதனை அவர் வருத்தத்தோடும் சொல்லவில்லை, மகிழ்ச்சியோடும் சொல்லவில்லை.

மருந்தைப் பற்றி

மருந்தே வேண்டா என்று நாம் சொல்ல வரவில்லை. சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார். ஆனால் கடையில் விற்கும் சைப்பர்மெத்ரின், மாலத்தியான் போன்றவை கம்பளிப் பூச்சி வேறு, தேனீ வேறு என்று பார்ப்பதில்லை. வீட்டுக் கொல்லையில் முக்கால் பங்கு கேட்டிற்குக் கையும் தண்ணீரும் போதும். இலையின் அடியில் முட்டைக் குவியலைக் கண்டால் அந்த இலையைக் கிள்ளி எறியலாம். பயித்தங்கொடி நுனியில் கறுப்பாக மொய்க்கும் அசுவினியைச் சவர்க்காரம் கலந்த நீரால் கழுவலாம். புழுவைக் கையால் பொறுக்கலாம். வீட்டில் கோழி இருந்தால் அதற்குத் தீனி.

அதற்கும் மீறி மருந்தடித்தே தீர வேண்டும் என்றால், அந்தி சாயும் நேரத்தில் அடியுங்கள். அப்பொழுது பரங்கிப் பூ மூடியிருக்கும். தேனீ கூட்டிற்குத் திரும்பியிருக்கும். பூவின் மேல் படாமல் அடியுங்கள். சுரையும் புடலும் அந்தியில் விரியும் என்று மேலே சொன்னோம். அவற்றின் அருகில் அடிக்க வேண்டா. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது போத்தலின் மேல் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

புல் மருந்தைப் பற்றியும் ஒரு சொல். பாரக்குவாட் என்னும் மருந்து இந்நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அதைக் குடித்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்து கிடையாது. தோட்டங்களில் அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்களே. பழைய மிச்சம் எவர் வீட்டிலேனும் சோடாப் போத்தலில் இருக்குமானால், குழந்தை கையில் எட்டும் முன் விவசாய இலாகாவைக் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்துங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டா.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்

நாம் புறப்படும் நேரத்தில் மற்றொரு வழக்கு வந்தது. லயத்தின் கடைசியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தேனீக்கூடு ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன் குச்சியை விட்டுக் கலைத்து, இரண்டு கொட்டு வாங்கியிருந்தான். அன்று மாலை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது என்று இளைஞர் சிலர் முடிவு செய்திருந்தனர். அம்மையாரோ, "என் பரங்கிக்கு வருவது அங்கிருந்துதான், கொளுத்தினால் என் கொல்லையைக் கொளுத்தியது போல" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். சிறுவனின் தாயாருக்கும் நியாயம் உண்டு. கொட்டு வாங்கியது அவர் பிள்ளை.

இத்தகைய வேளையில் முதலில் பார்க்க வேண்டியது எந்த இனம் என்பது. உயர்ந்த கிளையில் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்குவது பெருந்தேனீ. அதனிடம் எவரும் நெருங்கலாகாது, கல்லெறியலாகாது. நடமாட்டமுள்ள இடத்தில் அது இருந்தால் தீயணைப்பு நிலையத்திற்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ சொல்லல் வேண்டும். தொட்டிக்கு அடியில் இருந்ததோ பொந்தில் வாழும் சிறு தேனீ. அதைப் பழக்கமுள்ளவர் பெட்டியில் ஏற்றி வேறிடம் கொண்டு செல்ல இயலும். கொட்டு வாங்கியவருக்கு முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருத்தல் ஆபத்து. சிறுவனுக்கு அத்தகைய தொல்லை இல்லை. அண்டைக் கிராமத்தில் தேன் எடுக்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரை அழைப்பது என்றும், அவர் வரும் வரை தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டுவது என்றும் பேசி முடித்தனர். இளைஞர்கள் முணுமுணுத்துக் கொண்டே கயிறு கட்டினர்.

மூன்று மாதம் கழித்து வேறொரு வேலையாக அவ்வழியே சென்ற பொழுது நாம் அவர்கள் வீட்டில் இறங்கினோம். கூடு பெட்டிக்கு ஏறிச் சில வாரம் கொல்லையின் கோடியில் இருந்ததாம். பின்னர் ஒரு நாள் கூட்டத்தோடு பறந்து போய் விட்டதாம். இந்த இனத்திற்கு அது வழக்கம். எங்கோ அருகில் குடியேறியிருக்க வேண்டும். ஏனெனில் பூவுக்கு வருவது நிற்கவில்லை. அந்தப் பருவத்தில் பதினொரு காய் பிடித்ததாகப் பெரியவர் கணக்குச் சொன்னார். மூன்று பழ ஈயால் போயிற்று. வேலியில் சப்பாத்து இன்னும் தொங்கிக் கொண்டுதான் இருந்தது. "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்" என்றார்.

அன்று மதியம் அங்கேயே உண்டோம். பரங்கிக்காயைத் தோலோடு துண்டாக்கி, நெத்திலிக் கருவாடும் காய்ந்த மிளகாயும் போட்டு, நீர் விடாமல் தன் நீரிலேயே வேக வைத்த பிரட்டல். கூடவே ஆண் பூக்களை மாவில் தோய்த்துப் பொரித்திருந்தார் அம்மையார். பத்து மணிக்கு மேல், தேனீ வந்து போன பிறகே அவற்றைப் பறிப்பாராம். பெண் பூவைத் தொடுவதில்லை. சந்தையில் வாங்கும் பரங்கிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாக்குதான் சொல்ல வேண்டும். நாம் சோறு மறுமுறை வாங்கி உண்டோம்.

புறப்படும் பொழுது ஒரு காகிதத்தில் விதை கட்டித் தந்தார். தேனீ எந்த வீட்டுக் கொடியின் தூளைக் கொண்டு வந்ததோ தெரியாது, ஆகவே இந்த விதையில் விளையும் காய் இதே போல் இருக்கும் என்று உறுதி கூற இயலாது என்று நாம் நம் வகுப்பறைக் குரலில் தொடங்கினோம்.

"போட்டுப் பாருங்கள் சார்" என்றார் அம்மையார்.